அரைவெளிச்சத்தில் இரைந்த நட்சத்திரம்: ஒரு பேஸ் கிட்டார் இரைச்சலின் நிகழ்வு ஆய்வு

பேஸ் கிட்டாரின் ஜி தந்தியை விரல் அழுத்தாமல் மீட்டினால் அது நொடிக்கு 98 முறை அதிரும். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு. அந்த மின்சாரத்தை வெட்டியோ, ஒரே திசையில் பாயும்படி திருத்தியோ பயன்படுத்தும் கருவிகளிலிருந்து கிளம்பும் இரைச்சல் அதன் இருமடங்கில், 100 ஹெர்ட்ஸில், தொடங்கும். 98-உம் 100-உம் ஒரே நேரத்தில் காதில் விழுந்தால் நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கும். பாளையங்கோட்டையிலிருந்து என் அக்கா மகன் கடந்த டிசம்பர் முதல் வாரம் தொலைபேசியில் அழைத்து, “மாமா, ஜி தந்தி மட்டும் காய்ச்சல் வந்தது போல நடுங்குகிறது. மற்ற தந்திகளில் இரைச்சல்தான் இருக்கிறது, நடுக்கம் இல்லை” என்றான். பதினேழு வயதில் இவ்வளவு நுட்பமாகக் கேட்கிறானே என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த நடுக்கம்தான் இந்த வழக்கின் முதல் தடயம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவன் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்கிறான். நவம்பர் கடைசியில் ஒரு பழைய ஜாஸ் பேஸ் வகைக் கிட்டாரை வாங்கியிருந்தான். கேரல் ஆராதனைக்கு இரண்டு வாரமே இருந்தது. வீட்டில் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) போட்டுப் பயிற்சி செய்யும்போது, எங்கள் ஊர் ஒலிபெருக்கிக்காரர்கள் சொல்வது போல, “ஹம்மிங்” வருகிறது. புதிதாக வந்த பொருள் கிட்டார் ஒன்றுதான் என்பதால் வீட்டில் எல்லோரும் அதையே குற்றம் சொன்னார்கள். விற்றவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூட அக்கா முடிவு செய்துவிட்டார்.

முதல் வருகையும் ஒரு தவறான தீர்ப்பும்

டிசம்பர் 6, சனிக்கிழமை நண்பகலில் போனேன். ஆம்ப்பை மட்டும் போட்டு, கிட்டாரைச் செருகாமல் ஒலியை ஏற்றினேன், அமைதி. வேறு கேபிள் மாற்றினேன், வேறுபாடு இல்லை. கிட்டாரைச் செருகியபோது ஒரு தாழ்ந்த ரீங்காரம் எழுந்தது. உட்கார்ந்த இடத்திலேயே கிட்டாரை மெல்லத் திருப்பினேன். ஒரு திசையில் ரீங்காரம் உரத்தது, அதற்குச் செங்குத்தான திசையில் ஏறக்குறைய மறைந்தது. இது காந்தப்புலத்தால் வரும் ரீங்காரத்தின் அடையாளம்.

கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப் என்பது காந்தங்களைச் சுற்றி, தலைமுடி போல மெல்லிய செம்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். தந்தி அசைந்தால் காந்தப்புலம் மாறும், மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். ஆனால் அந்தச் சுருளுக்குத் தந்தியின் அசைவையும், பக்கத்து டிரான்ஸ்பார்மரின் கசிவுப் புலத்தையும் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் ஒரே விசுவாசத்தோடு ஆம்ப்புக்கு அனுப்பிவிடும். இதற்கு மருந்து தேடியவர்களில் முக்கியமானவர் கிப்சன் நிறுவனத்தில் பணிபுரிந்த செத் லவர். 1955-இல் அவர் இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் சுற்றி, எதிரெதிர்க் காந்தமுனைகளோடு இணைத்தார். வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். ஃபெண்டர் நிறுவனம் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் ஒற்றைச் சுருள்தான் இருந்தது. 1957-இல் அதையே இரண்டு துண்டாகப் பிளந்து, இரண்டு தந்திகளுக்கு ஒன்றாக வைத்தார்கள். அந்த இரண்டு துண்டும் சேர்ந்து ரீங்காரத்தை அழிக்கும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் தனித்தனி ஒற்றைச் சுருள் பிக்கப்கள் இரண்டு உண்டு. இரண்டின் ஒலிக் குமிழையும் சமமாக வைத்தால் ரீங்காரம் அழியும். ஒன்றைக் குறைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பையன் பாலத்தருகே (தந்திகள் கிட்டாரின் உடலில் வந்து முடியும் இடத்தருகே) உள்ள பிக்கப்பை மட்டும் திறந்துவைத்து, மற்றதை அடியோடு மூடியிருந்தான். சுருதி தெளிவாகக் கேட்கிறது என்பது அவன் காரணம். இரண்டையும் முழுதாகத் திறந்து காட்டினேன். ரீங்காரம் அடங்கிவிட்டது. “கிட்டாரில் ஒன்றுமில்லை, இதன் பிறவி இயல்பு இது” என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அன்று இரவு ஏழு மணிக்கு மறுபடி அழைப்பு. “இரண்டையும் முழுதாகத் திறந்துதான் வைத்திருக்கிறேன் மாமா. சத்தம் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் வந்தால் ஒளிந்துகொள்கிறது.”

ஒளிந்துகொள்கிறது என்ற அந்தச் சொல்லை நான் பொருட்படுத்தியது நல்லதாயிற்று. நான் பகலில் கேட்டது ஒரு நோய். அவன் இரவில் கேட்பது வேறொன்று. இசைக்கருவி பழுதுபார்ப்பவர்கள் பலர் செய்யும் பிழையை நானும் செய்திருந்தேன்: கண்முன் இருந்த குறையைத் தீர்த்துவிட்டு, நோயாளி சொன்ன குறையைத் தீர்த்துவிட்டதாக எண்ணினேன்.

நோட்டுப் புத்தகம்

அவனிடம் ஒரு நோட்டை எடுக்கச் சொன்னேன். இரைச்சல் எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது, அந்நேரம் வீட்டில் என்னென்ன ஓடுகின்றன, மழை பெய்கிறதா என்பவற்றை எழுதச் சொன்னேன். இந்த மாதிரி வழக்குகளில் ஸ்குரூ டிரைவருக்கு முன்னால் பேனாவைத்தான் எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. மழைக்காலம் என்பதால் ஈரத்தின் மேல் அவனுக்குச் சந்தேகம். தூண்டல் அடுப்பின் மேல் அக்காவுக்குச் சந்தேகம். அது நியாயமான சந்தேகமே. அந்த அடுப்பு பல்லாயிரம் ஹெர்ட்ஸில் மின்னோட்டத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சுவது. செல்பேசியையும் விலக்கிப் பார்த்தான். பழைய 2ஜி அலைபேசிகள் நொடிக்கு 217 முறை துடிப்பாக அலை அனுப்பும். அழைப்பு வருவதற்குச் சற்று முன்பு ஒலிபெருக்கியில் “டட்-டட்-டட்” என்று கேட்குமே, அது அதுதான். இந்த இரைச்சல் அந்த வகையைச் சேர்ந்ததாக இல்லை.

மூன்று நாள் குறிப்பில் தெளிவாக ஒரு கோலம் தெரிந்தது. மாலை ஆறு, ஆறேகாலுக்குத் தொடங்குகிறது. இரவு பதினொன்றை ஒட்டி நிற்கிறது. மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுப்பு காலையிலும் எரிகிறது, காலையில் இரைச்சல் இல்லை. செவ்வாய் இரவு முக்கால் மணி நேரம் கரண்ட் போயிருந்தது. வீட்டு இன்வெர்ட்டரில் ஆம்ப் ஓடியது. இரைச்சல் அறவே இல்லை.

இந்தக் கடைசிக் குறிப்பு எங்களைத் திசைதிருப்பியது. இன்வெர்ட்டரில் அமைதி, தெரு மின்சாரத்தில் இரைச்சல் என்றால், கெட்டுப்போய் வருவது மின்சாரமே என்று பையன் முடிவுகட்டினான். தெருமுனை டிரான்ஸ்பார்மரின் சுமை மாலையில் ஏறுகிறது என்று நானும் பாதி நம்பினேன். இன்வெர்ட்டரில் வீட்டின் எல்லாச் சுற்றுகளும் இணைக்கப்பட்டிருக்காது, கரண்ட் போகும்போது சில பொருள்கள் அடியோடு அணைந்துபோகும் என்ற எளிய உண்மை அந்த இரவில் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மாலையில் சென்ற வருகை

புதன்கிழமை மாலை ஆறரைக்குப் போனேன். அது வேறு ஒலி. பகலில் கேட்ட உருண்டையான “ம்ம்ம்” போய், ஓரம் கூர்மையான “ஸ்ர்ர்ர்” கேட்டது. கிட்டாரைத் திருப்பினாலும் மாறவில்லை. பிக்கப்கள் இரண்டையும் சமமாக வைத்தாலும் குறையவில்லை. தந்தியைக் கையால் பிடித்தால் குறைந்தது, விட்டால் ஏறியது. இந்த மூன்றும் சேர்ந்தால், சுருள் வழியாகக் காந்தப்புலம் நுழையவில்லை, மின்புலம் நுழைகிறது என்று பொருள். நம் உடல் காற்றில் பரவியுள்ள மின்புலத்தை வாங்கி, மடியில் கிடக்கும் கிட்டாருக்குள் கடத்துகிறது. தந்தியைத் தொட்டால் உடல் கிட்டாரின் தரையிணைப்போடு சேர்ந்துவிடுவதால் அந்தக் கடத்தல் குறைகிறது.

செல்பேசியில் ஒலி அலைமாலை, அதாவது ஒலியில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு என்பதை, காட்டும் செயலி ஒன்று இருந்தது. அதில் 50-இல் சிறு மேடுதான். 100, 200, 300, 400 என்று வேலிக்கம்பு நட்டது போல உயர்ந்த கோடுகள். மின்சாரத்தை அரைச்சுற்றுக்கு (ஒவ்வொரு அதிர்வின் பாதிக்கும்) ஒரு முறை வெட்டும் ஏதோ ஒன்று என்று இது சொல்லிவிட்டது. இன்னொன்றையும் அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன்: இரைச்சல் ஒரே அளவில் இல்லை. மூச்சு விடுவது போல மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, ஒரு கணம் அடங்கி, மறுபடி ஏறியது.

இனி வீட்டுச் சுற்றுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். மெயினை அணைத்தால் ஆம்ப்பும் அணைந்துவிடும் என்பதால், பேட்டரியில் ஓடும் சிறிய ஹெட்போன் ஆம்ப் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். இந்த ஒரு கருவி இல்லாவிட்டால் தேடல் அரைகுறையாகத்தான் முடியும். பையன் அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்தான். நான் மெயின் பெட்டி அருகே நின்றேன். எல்லாவற்றையும் அணைத்தேன். “இல்லை!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஹால் சுவிட்சைப் போட்டேன், இல்லை. சமையலறை, இல்லை. அவன் அறை: “கொஞ்சம்.” அது மின்விசிறி ரெகுலேட்டர், அதற்குப் பிறகு வருகிறேன். கடைசியில் “போர்டிகோ” என்று பென்சிலால் எழுதியிருந்த எம்.சி.பி.யை (அந்தச் சுற்றுக்கான காப்புச் சுவிட்சை) போட்டேன். “வந்துவிட்டது மாமா!”

போர்டிகோவில் ஒரு விளக்கும், டிசம்பர் 1 அன்று தொங்கவிட்ட கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் மட்டுமே இருந்தன.

அந்த நட்சத்திரத்தின் உள்ளே எல்.இ.டி. சீரியல் செட். அதன் மீதி நீளத்தை வீணாக்க வேண்டாம் என்று அக்கா, பையன் அறை ஜன்னலின் இரும்புக் கிராதியைச் சுற்றி அழகாகப் பின்னிவிட்டிருந்தார். அவன் பயிற்சி செய்யும் நாற்காலி அந்த ஜன்னலுக்கு உட்புறம், ஒரு கை நீளத் தொலைவில். கிட்டார் வந்ததும் நட்சத்திரம் ஏறியதும் ஒரே வாரம். குற்றம் கிட்டாரின் மேல் விழுந்தது அதனால்தான்.

ஏன் அரைவெளிச்சத்தில்?

இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நான் வெளியே நின்று நட்சத்திரத்தைப் பார்த்தேன். அவன் உள்ளே கேட்டுக்கொண்டு, இரைச்சல் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே கையை உயர்த்தினான். முழு ஒளியில் நட்சத்திரம் ஜொலிக்கும்போது கை உயரும் என்று எதிர்பார்த்தேன். உயரவில்லை. ஒளி பாதியாக இருக்கும்போது உயர்ந்தது. முழு ஒளியில் தாழ்ந்தது, மங்கும் வழியில் பாதிக்கு வந்ததும் மறுபடி உயர்ந்தது.

சீரியல் செட்டில் ஒற்றைப் பொத்தான் உள்ள ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதற்குள் மின்சாரத்தைத் திருத்தும் டையோடுகளும், ஒவ்வொரு வரிசைக்கும் தைரிஸ்டர் என்ற ஒரு மின்னணு சுவிட்சும் உண்டு. ஒளியை மெல்ல ஏற்றி இறக்க, அந்தத் தைரிஸ்டர் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் சற்றுத் தாமதித்துத் திறக்கும். முழு ஒளி வேண்டுமானால் அரைச்சுற்றின் தொடக்கத்திலேயே, அழுத்தம் சுழிக்கு (பூஜ்யத்துக்கு) அருகில் இருக்கும்போது திறந்துவிடும், தாவல் சிறியது. பாதி ஒளிக்கு, அரைச்சுற்றின் நடுவில் திறக்க வேண்டும். 230 வோல்ட் என்று நாம் சொல்லும் மின்சாரம் உச்சத்தில் ஏறக்குறைய 325 வோல்ட். அந்த உச்சத்தில் திறந்தால் கம்பியின் அழுத்தம் கண்ணிமைக்கும் பொழுதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைந்த நேரத்தில் சுழியிலிருந்து 325-க்குத் தாவும். நொடிக்கு நூறு தாவல்கள். செங்குத்தான தாவலில் உயர் அதிர்வெண்கள் நிறைந்திருக்கும். அவை எந்த உறையும் இல்லாத நீண்ட கம்பி வழியே கிராதிக்கும், கிராதியிலிருந்து நாற்காலியில் இருப்பவனுக்கும் தாவிச் சென்றன. மேலே சொன்ன ஜி தந்தியின் நடுக்கத்துக்கும் இதுவே காரணம். அமெரிக்காவில் இதே கோளாறு வந்திருந்தால் 60-உம் 120-உம் ஆகியிருக்கும். ஜி தந்தி தப்பித்து, வேறு சுரங்கள் மாட்டியிருக்கும்.

பெட்டியின் பொத்தானை அழுத்தி, மினுக்காமல் நிலையாக எரியும் முறைக்கு மாற்றினேன். நட்சத்திரம் எரிந்துகொண்டே இருந்தது. இரைச்சல் ஏறக்குறைய போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து அமைதி வந்தால் அது சந்தேகத்தை வலுப்படுத்தும். பொருளை ஓடவிட்டு அதன் ஒரு செயலை மட்டும் மாற்றி அமைதி வந்தால்தான் அது நிரூபணம்.

பச்சைக் கம்பி

இங்கே நின்றிருந்தால் பாடகர் குழுவுக்குப் போதும். ஆனால் எனக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. நட்சத்திரம் எவ்வளவு கத்தினாலும், ஒழுங்காகத் தரையிணைப்பு (எர்த்) உள்ள ஆம்ப்பில் இத்தனை உரக்கக் கேட்கக் கூடாது. தந்தி, பாலம், கேபிளின் வெளிவலை, ஆம்ப்பின் உலோகப் பெட்டி எல்லாம் ஒரே சங்கிலி. அதன் கடைசிக் கண்ணி மூன்று முள் பிளக்கின் பெரிய முள். அது எங்காவது அறுந்திருந்தால் உறையாக இருக்க வேண்டியதே மிதக்கத் தொடங்கும்.

“ஆம்ப்பைத் தொட்டால் எப்போதாவது ஷாக் மாதிரி இருக்குமா?” என்று கேட்டேன். “ஷாக் இல்லை மாமா. அம்மா தரையைத் துடைத்துவிட்டுப் போன பிறகு வெறுங்காலோடு நின்றால் தந்தியில் விறுவிறு என்றிருக்கும்” என்று சாதாரணமாகச் சொன்னான். எனக்கு வயிறு கலங்கியது. இதை அவன் நோட்டில் எழுதவில்லை. இரைச்சலோடு சேர்ந்தது என்று அவனுக்குத் தெரியாது.

மல்டிமீட்டரை வைத்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231 வோல்ட், சரி. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 231-ஐ ஒட்டி வர வேண்டும்; 118 காட்டி ஆடியது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட் இருக்கலாம். 100-க்கு மேல் காட்டியது. எங்கும் சேராமல் தொங்கும் கம்பியில் மீட்டர் காட்டும் பொய் அழுத்தம் இது. வழக்கமாக வரும் எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சியை மறுநாள் காலை அழைத்தோம். அவர் டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தார். எரியவில்லை. சுவிட்ச் போர்டைத் திறந்தார். எர்த்துக்கான பச்சைக் கம்பி குழாயிலிருந்து வந்து, நுனியில் டேப் சுற்றி, சாக்கெட்டில் சேர்க்கப்படாமல் பின்புறம் மடக்கிக் கிடந்தது. அந்த அறைக்குப் புது வயரிங் செய்தபோது யாரோ விட்டுவிட்டுப் போனது. எத்தனை ஆண்டுகள் அப்படிக் கிடந்ததோ.

ஆம்ப்பின் மின்வழங்கியில் இரைச்சலை வடிக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்குச் செல்லும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி, அதனோடு தந்தி, மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் விறுவிறுப்போடு நின்றது. ஆம்ப்புக்குள் ஒரு கம்பி உருகி ஒட்டியிருந்தால் அந்தப் பையன் கையில் இருந்தது மின்சாரம் பாயும் உயிர்க்கம்பி. 1972-இல் இங்கிலாந்துக்கு அருகே வேல்ஸின் சுவான்சீ நகரில், ஸ்டோன் த குரோஸ் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். நம் ஊரிலும், ரீங்காரம் குறையும் என்று சொல்லி ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடும் வழக்கத்தை மேடைகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் செய்பவர்கள் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும். இரைச்சல் வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணாச்சி பச்சைக் கம்பியைச் சேர்த்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு வோல்ட்டைச் சுற்றி நின்றது. அக்காவிடம் சொல்லி, 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மெயினில் போடவைத்தேன். பிறகு சோதனைக்காக நட்சத்திரத்தை மறுபடி மினுக்கும் முறையில் விட்டோம். இரைச்சல் கேட்டது, ஆனால் முன்பிருந்ததில் சிறு பங்குதான். வாசிக்கத் தொடங்கியதும் காதில் படவில்லை.

மீதி வேலைகள்

நட்சத்திரத்தின் சீரியல் செட்டைக் கிராதியிலிருந்து அவிழ்த்து, போர்டிகோவின் மறு ஓரத்துக்கு மாற்றினோம். “மினுக்காத ஸ்டார் ஒரு ஸ்டாரா தம்பி?” என்று அக்கா கேட்டதால் மினுக்குவதை நிறுத்தவில்லை.

கிட்டாரின் குமிழ்கள் இருக்கும் குழியிலும் பிக்கப் குழிகளிலும் செம்புத் தகடு நாடா ஒட்டினேன். துண்டுகள் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருக்க வேண்டும் என்பதற்காக ஓரங்களில் ஈயம் பற்றவைத்து, தரைக்கம்பியோடு சேர்த்து, மீட்டரால் சரிபார்த்தேன். கேபிள் செருகும் ஜாக்கில் ஒலிச் சிக்னல் வரும் முனை தகட்டில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டால் ஒலியே வராது. இந்தத் தகடு மின்புலத்தைத் தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது. அதற்கு இரண்டு குமிழையும் சமமாக வைக்கும் பழைய மருந்துதான்.

அறையின் மின்விசிறி ரெகுலேட்டர், குமிழைத் திருகினால் வேகம் தொடர்ச்சியாக மாறும் எலெக்ட்ரானிக் வகை. நட்சத்திரத்தின் பெட்டி செய்யும் அதே வெட்டு வேலையை ட்ரையாக் என்ற, தைரிஸ்டர் போன்ற சுவிட்சைக் கொண்டு செய்வது. நடுவேகத்தில் இரைச்சல் அதிகம், முழு வேகத்தில் குறைவு, காரணமும் அதேதான். அதைக் கழற்றிவிட்டு, படிப்படியாக வேகம் மாற்றும் கெப்பாசிட்டர் வகையைப் போட்டோம். அது மின்சாரத்தை வெட்டுவதில்லை.

இப்போது அந்த அறையில் மிஞ்சியிருப்பது, குளிர்பதனப் பெட்டி தொடங்கும்போது வரும் ஒற்றை “டிக்”. அதன் பிளக் இருக்கும் சாக்கெட்டில் பச்சைக் கம்பி இருக்கிறதா என்று பார்க்க அண்ணாச்சி ஜனவரியில் வருவதாகச் சொன்னார். வந்தார். அங்கேயும் இல்லை. வீட்டிலுள்ள பதினோரு மூன்று முள் சாக்கெட்டுகளையும் அன்றே திறந்து பார்த்ததில், இன்னும் இரண்டில் இல்லை. மூன்றையும் சேர்த்துவிட்டுத்தான் போனார்.